அடிமை வேஷத்துக்கு ஆள் எடுத்தார்கள்

வெள்ளி, 2 ஜூன் 2006

காலையிலேயே புழுக்கம். ஏ.சி. சொட்டுகிறது, கீழே வாளி. ஒரு வாரத் துணி துவைத்தாயிற்று. லுங்கி ஒன்று காணோம். ரூம்காரன் முருகேசன் மேல் சந்தேகம்.

சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது கேம்ப் வாசலில் வேன். டி.வி. கம்பெனி மேனேஜர், எகிப்துக்காரர். ரம்ஜானுக்கு அரபி சீரியல் எடுக்கிறார்களாம். அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கப் போன கப்பல், அதில் வேலை செய்த அடிமைகள். அடிமைகளுக்கு ஆள் வேண்டும். ஃபோர்மனிடம் பேசி எங்களுக்கு லீவும் வாங்கிவிட்டார்.

வரிசையாக நிற்க வைத்து, முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனார். "நீ வா. நீ வா. மாஃபி. நீ வா." முருகேசனுக்கு மாஃபி, கிடையாது. சேலத்துக்காரன், கொஞ்சம் வெளுப்பு. அந்த வெளுப்பை வைத்துத்தான் இத்தனை வருஷம் ரூமில் அதிகாரம். என்னை முதல் ஆளாக எடுத்தார். என் நிறத்துக்குக் கிடைத்த முதல் ஃபர்ஸ்ட் கிளாஸ்.

முருகேசன் மத்தியானம் சாப்பிடவில்லை. "அடிமை வேஷம்தானடா, இதுக்குப் போய் பல்லைக் காட்டுற." கொஞ்சம் கழித்து, "வெயில்ல நின்னா நானும் கறுத்துருவேன்னு அந்தாளுகிட்ட சொல்லிப் பாக்குறியா வீரா?"

சாயங்காலம் அக்கா ஃபோன். பெண் வீட்டுக்கு என் ஃபோட்டோ போய்விட்டதாம். ஊர் ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் நன்றாக வெளுத்துக் கொடுத்திருக்கிறார். "மாநிறம்னு சொல்லியிருக்கோம் தம்பி, வெயில்ல நிக்காத." ஷார்ஜாவில் கார் ஒடுக்கு எடுத்து பெயின்ட் அடிக்கிறவன் எங்கே போய் நிழலில் நிற்பது? டி.வி.யில் வரப்போகிறேன் என்றேன். ரொம்ப சந்தோஷம். என்ன வேஷம் என்று கேட்டாள். கப்பலில் ஒரு ஆள் என்று சொல்லிவைத்தேன்.

சனி, 3 ஜூன்

புஜைரா தாண்டி ஒரு கடற்கரை. மரக்கப்பல் ஒன்றை மணலில் இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். எங்களுக்கு உடுப்பு: இடுப்பில் ஒரு சாக்கு. மேலே ஒன்றுமில்லை. பின் ஊசி கேட்டேன், அந்தக் காலத்தில் கிடையாதாம்.

எங்களில் அரபி தெரிந்தவன் மலையாளி பாபு மட்டும். அரபி வீட்டில் டிரைவராக இருந்தவன். அவன்தான் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல நாங்கள் செய்கிறோம்.

அடிமைத் தலைவனாக நடிக்க ஒரு பெரிய நடிகர். காரிலிருந்து இறங்கும்போது பால் மாதிரி. மேக்கப் வேனுக்குள் போய் வெளியே வந்தார், தார் டின்னில் விழுந்து எழுந்த மாதிரி. காது மடலுக்குப் பின்னால் மட்டும் வெள்ளை. கண்ணை உருட்ட வேண்டும், திக்கித் திக்கிப் பேச வேண்டும், ஜனங்கள் சிரிக்க வேண்டும். அதுதான் வேஷம் என்றான் பாபு.

எஜமானர் அவரைக் கட்டிப்பிடிக்கும் சீன். வெயிலில் கறுப்பு ஒழுகி எஜமானர் அங்கி முழுக்க. வேறு அங்கி. மறுபடி கட்டிப்பிடித்தார். மறுபடி வேறு அங்கி. பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடித்தால் இப்படித்தான் என்று பாபுவிடம் சொன்னேன். கராஜுக்குக் கூட்டி வந்தால் சூடு காட்டி உறுதியாக அடித்துத் தரலாம். பாபு சிரித்து, அதற்கு டைரக்டர் திட்டி, இன்னொரு டேக்.

மத்தியானத்துக்கு மேல் ஒருவர் பெரிய ஜீப்பில் வந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கி, ஆள் எங்களைவிடக் கறுப்பு. ஒரு பெங்காலி, "பாய், சூடானியா?" என்று கேட்டுவிட்டான். "இல்லை, இந்த ஊர்தான். போலீஸில் இருந்து ரிட்டயர்" என்றார் நல்ல ஹிந்தியில். போலீஸ் என்றதும் எல்லாருக்கும் முதுகு நிமிர்ந்தது. ஒருவன் சாக்கில் பதாக்கா அடையாள கார்டைத் தேடினான்.

பெயர் சலீம். கப்பலில் கயிறு இழுக்கும்போது பாடும் பாட்டு அவருக்குத் தெரியும். ஓரமாக மைக் முன்னால் நிறுத்திப் பாடச் சொன்னார்கள். என்ன குரல்! நாங்கள் தேவைக்கு மேல் இழுத்து கயிறு அறுந்தது. கேமரா முன்னால் தார் டின் நடிகர் வாயசைத்தார்.

ஞாயிறு, 4 ஜூன்

முதுகு தோல் உரிகிறது. தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

பிரியாணி நேரத்தில் சலீம் எங்களோடு மணலில் உட்கார்ந்தார். அந்த வேஷத்தை நீங்களே போடலாமே என்றேன்.

"கேட்டேன். ஜனங்களுக்குப் பழகாத முகம் என்றார்கள். அதுவுமில்லாமல் நான் திக்காமல் பேசுகிறேனாம்."

அவருடைய தாத்தாவைச் சின்னப் பையனாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள். முத்துக் கப்பலில் வேலை. எஜமானரின் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்ததும் அவர்தானாம். அவரா திக்கிப் பேசுவார் என்று சிரித்தார். அப்புறம், "என் மகள் டீச்சர். ஒரு பையன் அவளைக் கேட்டான். அவன் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். என் வீடு பெரியது, பென்ஷன் பெரியது. தாத்தா யார் என்பதுதான் கேள்வி."

கோழியைக் கடித்தோம்.

"உங்கள் ஊரில் அடிமைகள் இருந்தார்களா?" என்றார். இல்லவே இல்லை என்று வேகமாகச் சொன்னேன். உன் தாத்தா என்ன செய்தார் என்று கேட்டார். திருவாரூர்ப் பக்கம் பண்ணையாள் என்றேன். அப்படியென்றால்? அதற்கு ஹிந்தியில் வார்த்தை தெரியவில்லை. பண்ணையார் நிலத்தில் வேலை, நினைத்தால் விட்டுப் போக முடியாது, அடிப்பார்கள், பிள்ளை பிறந்தால் அதுவும் அங்கேதான் என்று விளக்கினேன். சலீம் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார். "அச்சா. அதற்கு என்ன பெயர் சொன்னாய்?"

திரும்ப வரும் வேன் முழுக்க அதே யோசனை. பாபு என் தோளில் தூங்கி எச்சில் விட்டான்.

திங்கள், 5 ஜூன்

எழுத நிறைய. எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

தார் டின்னுக்கு அலர்ஜி. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மிச்சமிருந்தது முக்கிய சீன். எஜமானர் விடுதலைப் பத்திரம் கொடுக்க, அடிமை மண்டியிட்டுக் கையை முத்தமிட்டு, "எனக்கு எதுக்கு விடுதலை? என்னை அனுப்பாதீர்கள் எஜமானே" என்று அழ வேண்டும்.

வேறு வழியில்லாமல் சலீமைக் கேட்டார்கள். அவர் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "மண்டியிட மாட்டேன். அந்த வசனம் சொல்ல மாட்டேன்."

டைரக்டர்: "பிறகு என்ன செய்வாய்?"

"என் தாத்தா பத்திரம் வாங்கிய அன்றைக்கு என்ன செய்தாரோ அது. போய்ப் படுத்துத் தூங்கினார். மத்தியானம் வரை யாரும் எழுப்பவில்லை. சாகும் வரை அந்தத் தூக்கத்தைப் பற்றியே பேசினார்."

தூங்குவது நாடகமில்லை என்று டைரக்டர் கத்தினார். விரல் எங்கள் பக்கம் திரும்பியது. நேராக என் மேல். "நீ. மண்டியிடு." என் முகம் டி.வி. முழுக்க வரும் என்றான் பாபு.

ஆசை இல்லை என்று எழுதினால் பொய். இரண்டு அடி முன்னால்கூடப் போனேன். என் தாத்தாவின் முட்டி ஞாபகம் வந்தது, காய்ப்பு ஏறிக் கறுத்த முட்டி. முட்டி வலி என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெங்காலியைக் கூப்பிட்டார்கள். அவனுக்கும் முட்டி வலி. அடுத்தவனுக்கும். எங்கள் ரூம் அரியலூர் ராஜா நொண்டியே காட்டினான். "இது என்ன கம்பெனி, எல்லாருக்கும் முட்டி வலி!" என்று குதித்தார் டைரக்டர். கடைசியில் பாபு மண்டியிட்டான். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முத்தமிடும்போது எஜமானர் கை மேலேயே புர்ரென்று சிரித்தான். நாலு டேக். எஜமானரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வெளிச்சம் போகிறது என்று கேமராமேன் கெஞ்சினார். டைரக்டர் தலையில் கை வைத்து, "சரி, சலீம், உன் இஷ்டம்."

சலீம் நின்றுகொண்டே பத்திரத்தை வாங்கினார். ஒரு தரம் பார்த்தார். திரும்பி, தண்ணீர் ஓரமாகவே நடந்தார். அவசரமில்லாமல். திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒருவரும் கட் சொல்லவில்லை, ரொம்ப தூரம் போய்விட்டார். ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள்.

ஒரே டேக். கலாஸ், முடிந்தது.

வெள்ளி, 16 ஜூன்

மணல் காற்று. கடற்கரையில் பாபு எடுத்த ஃபோட்டோ ஒன்று, சாக்கோடு நான். ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்து அக்காவிடம் சேர்க்கச் சொல்லியிருந்தேன், பெண்ணிடம் இதைக் காட்டு என்று. இன்றைக்கு ஃபோன். பெண் சிரித்தாளாம். அவள் ஃபோட்டோவும் அதே ஸ்டுடியோவில் வெளுத்ததுதானாம். தையில் கல்யாணம்.

லுங்கி கிடைத்தது. முருகேசன்தான்.

சனி, 30 செப்டம்பர்

நோன்பு மாசம், டியூட்டி சீக்கிரம் முடிகிறது. சலீம் ஃபோன் செய்து, அந்த சீன் இன்றைக்கு வருகிறது என்றார். மெஸ் ஹாலில் கேம்ப் மொத்தமும். முருகேசன் முன் வரிசை.

என் தோள் வந்தது, காதும் கொஞ்சம். கைதட்டல். பிறகு எஜமானர், பத்திரம், நீட்டிய கை. அடுத்து சலீமின் முதுகு. முகம் இல்லை. வெட்டிவிட்டார்கள். முதுகு மட்டும் தண்ணீர் ஓரமாக நடந்து போகிறது. அதன் மேல் தார் டின் நடிகரின் அழுகைக் குரல், திக்கித் திக்கி.

"என்னடா சொல்றான்?" என்றான் முருகேசன்.

"என்னை அனுப்பாதீங்க எஜமானே, நான் எங்கயும் போக மாட்டேன்னு" என்றான் பாபு.

"போய்க்கிட்டே இருக்கானே?"

"ஆமா, போறான்."

"எங்கயும் போக மாட்டேன்னு சொல்லிக்கிட்டேவா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன், பிறகு கோபம். வெளியே வந்து சலீமுக்கு ஃபோன் போட்டேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வீட்டில் மகள் டி.வி.யைத் திட்டுவது கேட்டது. "நாளை மத்தியானம் மறுபடி போடுவார்கள்" என்றார். "சத்தத்தைக் குறைத்துப் பார்."

ஞாயிறு, 1 அக்டோபர்

பேக்கரியில் ரொட்டி தீர்ந்துவிட்டது. ஃபோர்மனிடம் வயிற்று வலி என்று சொல்லி ரூமுக்கு வந்தேன். ராஜாவுக்கும் வயிற்று வலி, பாபுவுக்கும்.

சரியான நேரத்துக்கு பாபு ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தை நிறுத்தினான். ஏ.சி. சொட்டும் சத்தம் மட்டும்.

சலீம் போனார்.