வாப்பா வரைந்த வடக்கு

கிள்ளான்,
டிசம்பர் 14

அன்பு மகள் மஹ்ஜபீனுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் மூச்சுக்கும் பேச்சுக்கும் குறையில்லாமல் இருக்கிறோம், பேச்சுக்குக் கொஞ்சமும் குறையில்லை என்பதைப் போகப்போக நீயே தெரிந்துகொள்வாய். கிளாஸ்கோ குளிரில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல், கழுத்தை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க துஆ கேட்கிறேன். போன் இருக்கும்போது எதற்கு இந்தக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் வாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், நான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதையும் திரும்பப் போட்டுக் கேட்கிறார். இது முழுக்க அவரைப் பற்றிய செய்தி. அதனால்தான் முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன், முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு இதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

வாப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபிறகு கொஞ்ச நாளைக்குச் சாப்பாட்டுக் கடைப்பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். கடையை உன் தம்பி இக்ராம் நன்றாகத்தான் பார்க்கிறான், ரோத்தி சானாய் முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கிறது என்று ஆட்கள் சொல்கிறார்கள், அதை வாப்பாவிடம் சொல்லிவிடாதே. கடை இல்லாத மனிதர் என்ன செய்வார், என் அடுப்படியைக் கடையாக்கிவிட்டார். வெங்காயம் வதக்கும்போது பின்னால் வந்து நிற்பது, மேசையைத் துடைத்தாயா என்று கேட்பது, காலையிலேயே இன்றைக்கு என்ன ஐட்டம் என்று விசாரிப்பது. ஒருநாள் நான் கொடுத்த தேத்தண்ணீரைப் பார்த்து, இது யார் ஆர்டர் என்று கேட்டார். எனக்கு அவர்மேல் பரிதாபமும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. சாயங்காலமானால் ஜன்னல் பக்கம் போய்க் கடை இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அது பார்க்கச் சகிக்கவில்லை. ஆகவே உன் தங்கை இஷ்ரத் பள்ளிக்கூடத்துப் புவியியல் வேலையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு அழுதபோது, போய் வாப்பாவிடம் கேள் என்று அனுப்பிவிட்டேன். நடந்ததற்கெல்லாம் அதுதான் ஆரம்பம்.

அவள் படிவம் ஒன்று வகுப்பில் எல்லாப் பாடத்திலும் சமாளித்துவிட்டாள், புவியியலில் மட்டும் நடுவாண்டில் கோட்டைவிட்டாள். பள்ளி மூடுவதற்குள் நம் வீட்டைச் சுற்றியுள்ள இடத்துக்கு ஒரு வரைபடம் போட்டுத் தர வேண்டும், திசை, அளவு, குறியீடு எல்லாம் சரியாக இருந்தால் தேறிவிடலாம், இல்லாவிட்டால் சிரமம் என்று அவளுடைய விஷ்ணுப்ரியா டீச்சர் சொல்லியிருக்கிறார். வாப்பா அதைக் கேட்டதும் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார். "மேப்புதானே? இந்த ஏரியா எனக்குத் தெரியாததா? போய் மணிலா கார்டு வாங்கிட்டு வாம்மா, பெருசா வாங்கு" என்றார். அப்புறம் சாப்பாட்டு மேசை எங்களுக்கு இல்லை, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். இஷ்ரத் பென்சில் சீவிக் கொடுத்தாள், அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த வேலை.

வரைந்து முடித்துக் காட்டினார். நடுவில் நம் கடை. கிள்ளான் ரயில் நிலையம் அதில் பாதி இருந்தது, ஆஸ்பத்திரி தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. நம் கடைக்கு மட்டும் மூன்று வர்ணம் அடித்து, வெளியே போட்டிருக்கிற நாற்காலிகளைக்கூட வரைந்திருந்தார். எதிரே இருக்கிற யுகேந்திரன் கடையைக் காணவில்லை. இருபது வருடமாக நமக்குப் போட்டியாக வாழையிலைச் சாப்பாடு போடுகிற கடை, அந்த இடத்தில் ஒரு மரம் நின்றது. இஷ்ரத் பயந்துகொண்டே, "வாப்பா, யுகேந்திரன் அங்கிள் கடை?" என்று கேட்டாள். "அது எப்ப வேணும்னாலும் மூடிருவான்லா, மேப்புல நிலையானதைத்தான் போடணும்" என்றார். வடக்கு எது என்று எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதற்கு, "தொழுவுறப்ப மக்கா இருக்கிற கிப்லாப் பக்கம் பாத்து நிக்கிறோம், கிப்லா மேற்கு. நாம தொழுவுற சூராவ் எந்தப் பக்கம் பாக்குதோ அது மேற்கு, வலது கைப்பக்கம் வடக்கு. இதுக்கு ஒரு புத்தகம் வேணுமா?" என்று சொல்லிச் சிவப்பு மையில் ஓர் அம்புக்குறி போட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு நாளில் அட்டை திரும்பி வந்துவிட்டது. வடக்கு தவறு, அளவு தவறு, முக்கிய இடங்கள் விடுபட்டுள்ளன, பள்ளி மூடுவதற்குள் திருத்தித் தரவும் என்று டீச்சர் எழுதியிருந்தார். இஷ்ரத் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாப்பாவின் முகம் எப்படிப் போயிற்று என்று உனக்கு எழுதத் தெரியவில்லை, ஆஸ்பத்திரியில்கூட அப்படி இருக்கவில்லை. மறுநாள் காலையில் பெருநாளுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, அட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார். நெஞ்சுக்கு ஆகாதுங்க என்று நான் சொன்னது காதில் விழவே இல்லை.

அங்கே நடந்ததை இஷ்ரத் சொல்லித்தான் தெரியும். அவளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். வாப்பா அட்டையை விரித்துப் போட்டு, "டீச்சர், நான் நெனவு தெரிஞ்ச நாளா மேற்கப் பாத்துத் தொழுவுறவன். மேற்கு எதுன்னு எனக்கே சொல்லித் தரீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். கோபப்படாமல் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மேசைமேல் ஒரு திசைகாட்டியை வைத்து, "அங்கிள், நீங்க பாத்துத் தொழுவுறது கிப்லா. அது நம்ம ஊர்லேர்ந்து நேர் மேற்கு இல்ல, மேற்குலேர்ந்து கொஞ்சம் வடக்குப் பக்கம் சாய்ஞ்சிருக்கு. நீங்க அதையே மேற்குன்னு வச்சதால மொத்த கிள்ளானும் திரும்பிருச்சு லா" என்றாராம். நெற்றியில் விபூதி வைத்த பெண் கிப்லாவைப் பற்றிச் சொல்லித் தந்ததும் உன் வாப்பா எழுந்து, நன்றி டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வரவில்லை, நேரே சூராவுக்குப் போய், பாங்கு சொல்கிற பிலாலிடம் முறையிட்டிருக்கிறார். பிலால் சிரித்துவிட்டு, "டீச்சர் சொன்னது சரிதான் பாவா. இது தெரியாமயா இத்தனை நாளா முதல் வரிசையில நின்னீங்க?" என்று கேட்டாராம்.

வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்தார். பிறகுதான் எனக்கும் உறைத்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, சூரியன் மறைகிற பக்கம் பார்த்து, இதுதான் கிப்லா என்று அந்தச் சுவருக்கு நேராகத் தொழுகைப் பாயைப் போட்டவர் அவர். சூராவில் கிப்லாவை மேற்கு என்று நினைத்தார், வீட்டில் மேற்கைக் கிப்லா என்று நினைத்தார். என் பாய் மட்டும் அலமாரி இடிக்கிறது என்று எப்போதும் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே கிடக்கும். அதை எத்தனை தடவை நேராக இழுத்துப் போட்டிருக்கிறார், உனக்கும் நினைவிருக்கும், ரசியா ஒரு பாயைக்கூட ஒழுங்காகப் போட மாட்டியா என்று உன் முன்னாலேயே எத்தனை பேச்சு. இஷ்ரத் போனில் திசை பார்த்தாள், முதலில் அவர் பாயில் வைத்தாள், பிறகு என் பாயில் வைத்தாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா மகளே? அலமாரியை மட்டும் நன்றாகத் தூசி தட்டி வைத்தேன். தெரியாமல் நின்றதை அல்லாஹ் ஏற்றுக்கொள்வான், இனிமேல் சரியாக நில்லுங்கள் என்று பிலால் சொன்னதால் அவருக்கு மனம் ஆறிற்று. இப்போது அவர் பாயும் சாய்ந்துதான் கிடக்கிறது. உன்னைப் பார்த்துப் போட்டேன் என்று நினைக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

ஆனால் ஒன்று, இந்தத் தடவை பென்சிலை இஷ்ரத்திடம் கொடுத்துவிட்டார். நீ வரை, நான் கூட நடக்கிறேன் என்றார். டாக்டர் நடக்கச் சொன்னபோது ஒருநாளும் நடக்காதவர், தினமும் சாயங்காலம் அவளோடு தெருத்தெருவாக நடந்தார். யுகேந்திரன் கடையைப் போடாமல் முடியாது என்று அவள் உறுதியாகச் சொல்லிவிட்டாள். வாசலில் நின்று அவள் குறித்துக்கொண்டிருந்தபோது யுகேந்திரனே வெளியே வந்து, "பாவாண்ணே, உடம்பு எப்படி இருக்கு? உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாராம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நம்ம கடையைக் கொஞ்சம் பெருசா போடுங்கண்ணே என்றதற்கு, அளவுன்னு ஒன்னு இருக்குலா என்று உன் வாப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும், அவன் கடையில் சீனி போடாத தேத்தண்ணீர் மோசமில்லை என்றார். நேற்றும் போயிருந்தார், வரைபடம் கொடுத்து முடிந்த பிறகும்.

இஷ்ரத் தேறிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். பி-தான் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவை ஆற்றுக்குள் போட்டுவிட்டாளாம். ஏ ஏன் போடவில்லை என்று கேட்க வாப்பா மறுபடியும் அந்தப் பெருநாள் சட்டையை எடுத்தார், நான் அதைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன்.

இனி உனக்கு மட்டும். நீ அங்கேயே வேலையை ஒத்துக்கொண்டதிலிருந்து அவர் போனில் உன்னிடம் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு என்னிடம் நீட்டிவிடுகிறார், உனக்கும் அது வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை இஷ்ரத்தைக் கூப்பிட்டு, நாம் வரைந்த அட்டையில் மஹ்ஜபீன் ராத்தா எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று கேட்டார். அது இந்த அட்டைக்குள் வராது வாப்பா என்று அவள் போனில் உலக உருண்டையைத் திருப்பிக் காட்டினாள். கிப்லாவிலிருந்து இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், அவ்வளவுதான் என்றாள். அன்றிலிருந்து தொழுது முடித்து வலப்பக்கம் ஸலாம் கொடுக்கும்போது அவர் முகம் திரும்பி வர நேரமாகிறது. பின்னால் இருக்கிற எனக்குத்தான் அது தெரிகிறது.

குளிருக்குக் காதை மூடிக்கொள், ஃபிரிட்ஜில் வைத்த சோற்றைச் சாப்பிடாதே, வெள்ளிக்கிழமையில் யாஸீன் ஓது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் நல்ல மனிதர்களின் துணையும் தரட்டும். இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை என் போனுக்குக் கூப்பிடாமல் அவர் போனுக்குக் கூப்பிடு. நெஞ்சு வலியைப் பற்றிக் கேட்காதே, வரைபடத்தைப் பற்றிக் கேள். உன் அறை ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று அவர் உன்னைக் கேட்பார், புது மணிலா கார்டு வாங்கி வைத்திருக்கிறார். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே, முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்.

உன் நலத்தையே நாடும்
உம்மா,
ரசியா