ஸ்டெல்லாவின் கல்யாண ஃபோல்டர்

நவம்பர் 11, செவ்வாய்
காலையிலிருந்து மழை. பாபநாசம் கடைத்தெருவில் ஆளே இல்லை. என் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஸ்டெல்லாவின் கல்யாணப் படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் வெறும் வெள்ளை. பிறகு ஒவ்வொரு படமாக வருகிறது. வாசல் வரை போய்த் திரும்பினேன், படங்களில் பாதிகூட வரவில்லை. அவள் கணவர் ஞாயிறு குவைத் கிளம்புகிறார். அதற்குள் சி.டி. வேண்டும்.

கொழுந்தன் ஹக்கீம் எட்டிப் பார்த்தார். "இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கா? அண்ணன் இந்தக் கம்ப்யூட்டரை வித்துரச் சொல்லிட்டாரு அண்ணி. சனிக்கிழமை கும்பகோணத்துலேர்ந்து வாங்க ஆள் வருது."

சவூதியில், தம்மாமில் இருந்துகொண்டு முடிவு செய்துவிட்டார் இவர், என் கணவர். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

நவ. 12, புதன்
சரியான தூக்கம் இல்லை. கடையைச் சீக்கிரமே திறந்து செட்டிங்ஸில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழுக்கித் திறக்கும் அலங்காரம், நிழல் எல்லாம் நீக்கியாச்சு. நெட்வொர்க்கில் பிரிண்டர் தேடுவது, நிறுத்தம். இருப்பதே ஒரு பிரிண்டர், அதுவும் பக்கத்தில். எதைத் தேடுகிறதோ! ஃபோல்டரில் படம் காட்டாமல் அதன் நம்பர் மட்டும் காட்டும்படி மாற்றினேன். திரை சாம்பல் நிறமாகிவிட்டது. ஆனால் தட்டியதும் திறக்கிறது! மூடினேன், திறந்தேன், மூடினேன். மீன் வாங்க மறந்துபோச்சு. மாமியாருக்குக் கோபம்.

நவ. 13, வியாழன்
ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க ஸ்டெல்லாவும் அவள் மாமியாரும் வந்தார்கள்.

"என்னக்கா, ஒரே நம்பரா இருக்கு? ஆளுங்களைக் காணோமே!"

சர்ச், மண்டபம், விருந்து என்று சின்னச் சின்ன ஃபோல்டராகப் பிரித்துப் படமாகக் காட்டினேன். கம்ப்யூட்டர் இழுத்தடிக்கவில்லை.

அவள் மாமியார் தையல் கடைக்குப் போனதும் ஸ்டெல்லா என் காதருகே: "சி.டி.யை அவரு எடுத்துட்டுப் போயிடுவாரு. ஆல்பம் அத்தை பீரோவுக்குப் போயிடும். எனக்குன்னு ஒண்ணு வேணும்க்கா. அவரு மட்டும் இருக்குறது."

எல்லாம் கும்பல் படம். தேடித் தேடி, அவள் கணவர் பந்தியில் அப்பளத்தை உடைத்தபடி யாரையோ பார்த்துச் சிரிப்பது ஒன்று கிடைத்தது. அவரை மட்டும் வெட்டி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவள் பார்த்த பார்வை! என்னிடம் இவர் படம் ஒன்றுதான் உண்டு. பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது, முறைத்துக்கொண்டு.

நவ. 14, வெள்ளி
இவர் போன். சாப்பாடு, மழை, அம்மாவின் சுகர். பிறகு, "ஹக்கீம் சொன்னானா?"

"சொன்னாங்க."

அவ்வளவுதான் வாயில் வந்தது. நாளெல்லாம் எரிச்சல். குழம்பில் உப்பு அதிகம்.

நவ. 15, சனி
ஸ்டெல்லாவின் சி.டி. எழுதிக்கொண்டிருந்தபோது ஹக்கீம் அந்தக் கும்பகோணத்து ஆளோடு வந்தார். வாங்க வந்தவர் ஃபோல்டரைத் திறந்து பார்த்தார். "ஸ்லோன்னு சொன்னீங்க, நல்லாத்தானே ஓடுது! இப்பவே எடுத்துக்குறேன்."

நான் சரி செய்ததே எனக்கு வினையாகிவிட்டது. ஒயரைக் கழற்றக் குனிந்தார்.

"தொடாதீங்க. இது விக்கிறதுக்கு இல்லை."

என் குரலா அது? வந்தவர் ஹக்கீமைப் பார்த்தார். ஹக்கீம் என்னைப் பார்த்தார். "அண்ணங்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"நான் சொல்லிக்குறேன்."

அவர்கள் போனதும் தம்மாமுக்கு நானே போன் போட்டேன், முதல் தடவையாக. பதறிவிட்டார். "என்ன ஆச்சு? அம்மாவுக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் ஆகலை மச்சான். கம்ப்யூட்டரை விக்கப்போறதில்லை. சொல்லத்தான் கூப்பிட்டேன்."

 அவர் லைனைக் கட் பண்ணவில்லை. நானும் போனை வைக்காமலே, எழுதி முடிந்த ஸ்டெல்லாவின் சி.டி.யை எடுத்து உறையில் போட்டேன்.