ஓமத்தண்ணி வேண்டாம்

மச்சான்,

நீங்கள் சுபுஹு தொழுதுவிட்டு வரும்போது நான் பாளையங்கோட்டை பஸ்ஸில் இருப்பேன். இடியாப்பம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது. நேற்றைய கறி ஆணத்தைச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேண்டாம் என்ற ஸ்கேனுக்குத்தான் போகிறேன். இதய ரத்தக்குழாய் அடைப்பை அந்தப் புது ஸ்கேன் சரியாகக் காட்டுகிறதா என்று ஆய்வு செய்கிறார்கள். அடுத்த வாரம் வழக்கமான ஆஞ்சியோவும் செய்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். "நீ என்ன புள்ள, சோதனை எலியா?" என்று கேட்டீர்கள். பன்னிரண்டு பக்கப் படிவத்தையும் படித்து, ஏழு கேள்வி கேட்டபிறகே கையெழுத்துப் போட்டேன். எந்த எலி அப்படிச் செய்யும்?

ஆபீஸ் மாடிப்படி ஏறினால் நெஞ்சை அமுக்குகிறது. ஆறு மாதமாக அதற்கு நீங்கள் வைத்த பெயர் வாய்வு, கொடுத்த மருந்து ஓமத்தண்ணி. 'வலிக்கு வீட்டில் என்ன காரணம் சொன்னார்கள்?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. வாய்வு என்று எழுதினேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "நீங்களுமாக்கா? இங்கன வார பொம்பளைங்க எல்லாரும் இதத்தான் எழுதுதாங்க" என்றாள்.

அடைப்பு இருந்தால் இருக்கட்டும். அதன் சரியான பெயர் எனக்குத் தெரிய வேண்டும்.

பின்குறிப்பு: நேற்று நீங்கள் போட்ட டீயைத் தொடாதது கோபத்தால் அல்ல. ஸ்கேனுக்கு முந்தைய நாள் டீ, காப்பி கூடாது. அதைச் சொல்வதற்குள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

இன்னொன்று: பதினோரு மணிக்கு முடிந்துவிடும். ஃபிளாஸ்க்கைக் கழுவி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு டீ கொண்டுவாருங்கள். வரும்போது சாவியைப் பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா மாமியிடம் கொடுத்துவிடுங்கள். டீயில் இஞ்சி போடலாம். ஓமம் போட்டால் தனியாகவே வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஃபர்ஹத்