இணைக்காமல் விட்ட கம்பி

எம்பாலே, உகாண்டா
வெள்ளிக்கிழமை மாலை

அன்பு எர்னஸ்ட்,

நலம். நலமறிய அவா. ஜெரால்ட் கிடுடு ஆகிய நான், எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியின் பாடநூல் தேர்வுக் குழுத் தலைவர் என்ற பொறுப்பில், எண்முறைத் தர்க்கச் சுற்று வடிவமைப்புக்கு நீ எழுதிய நூலைப் பற்றிய முடிவைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். அலுவலகக் கடிதம் தனியே வரும். அதில் நீ 'ஐயா'வாக இருப்பாய்.

முடிவைச் சொல்வதற்கு முன் நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். நான் அப்படிப்பட்டவன் என்பது உனக்குத் தெரியும். அவ்வளவு தொலைவில் கபரோனேயில் உட்கார்ந்துகொண்டு நீ கடைசிப் பத்திக்குத் தாவாமல் இருந்தால் மகிழ்வேன்.

குழுவில் என்னோடு சேர்த்து மூவர். ஆய்வகப் பொறுப்பாளர் திருமதி நாம்போசோவை உனக்குத் தெரியும். குரலும் மாறவில்லை, சிரிப்பும் மாறவில்லை. மற்றவர் குடோசி, நீ ஊரைவிட்டுப் போன பிறகு வந்த விரிவுரையாளர். கெட்டிக்காரர். அவர் கொண்டுவந்தது வெளிநாட்டில் அச்சான வண்ணப்படப் புத்தகம். தலையணை கனம் இருக்கும். அதன் பக்கத்தில் உன் மெல்லிய புத்தகத்தை வைத்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது. குடோசி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது முட்டைச் சப்பாத்தி சுத்திக் கொடுக்கத்தான் லாயக்கு, அக்கா" என்றார். நாம்போசோ விடவில்லை. "உன் புத்தகத்த வச்சு வேற என்ன பண்ண? ஆடாம இருக்க லாரிச் சக்கரத்துக்கு அடியில வைக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் வாய் திறக்கவில்லை. நீயும் நானும் ஒரே ஆண்டில் இம்பாலு என்னும் விருத்தசேதனச் சடங்கு கண்டு ஆண்மக்களானவர்கள் என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவன் தோழனுக்காகப் பேசாவிட்டால் அது குற்றம் என்பது நம் மக்களின் வழக்கம். குழுத் தலைவன் பேசினால் அது குற்றம் என்பது கல்லூரியின் விதி. சென்ற மாதம் நீ எழுதியிருந்தாய்: எம்பாலேகூட இந்தப் புத்தகத்தை ஏற்காவிட்டால் இரண்டாம் பாகத்தின் கைப்பிரதியை அடுப்பில் வைத்துவிடுவேன் என்று. அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். ஆனாலும் விதி விதிதான்.

வாக்கெடுப்புக்கு நாம்போசோ ஒரு யோசனை சொன்னார். கையைத் தூக்க வேண்டாம். மூவர் வாக்களிக்கும் சுற்று ஒன்றைக் கட்டுவோம். மூன்று சுவிட்சுகளில் இரண்டு மேலே போனால் விளக்கு எரியட்டும். விளக்கு எரிந்தால் உன் நூல் என்று வைத்துக்கொள்வோம். குடோசி தம் தலையணைப் புத்தகத்தைப் பார்த்தே அதைக் கட்டினார். படத்தில் உள்ளபடி ஒரு கம்பி பிசகவில்லை.

நான் எழுந்து நின்று, நூலாசிரியர் என் சடங்குத் தோழர், ஆதலால் நான் வாக்களிக்கவில்லை என்று அறிவித்தேன். என் சுவிட்சிலிருந்து சுற்றின் மூளையான சில்லுக்குப் போகும் கம்பியைச் சுவிட்சுப் பக்கம் பிடுங்கி, நுனியை மேசைமேல் போட்டேன். மனச்சாட்சி சுத்தம். நாம்போசோ தம் சுவிட்சை மேலே தள்ளினார். குடோசி தம்முடையதைக் கீழேயே வைத்திருந்தார்.

விளக்கு எரிந்தது.

குடோசி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "தலைவரே, காலால ஏதாவது அமுக்குறீங்களா?" என்று என்னையே கேட்டார். நாம்போசோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அவர் வாயத்தான்யா மூடினார், கம்பி வாயத் திறந்திருச்சு!" என்றார். நான் சிரிக்கவில்லை. அந்த முடிவு செல்லாது என்று உடனே அறிவித்தேன். (உள்ளுக்குள் என்ன நடந்தது என்பது நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெறாது.)

குடோசி சுற்றை முழுவதும் சோதித்தார். பிழையில்லை. தம் புத்தகத்தில் தேடினார். அதில் உள்ளீடு என்றால் ஒன்று, இல்லாவிட்டால் பூச்சியம். கழன்று கிடக்கும் கம்பிக்கு அங்கே இடமே இல்லை. அப்போது நாம்போசோ உன் புத்தகத்தை எடுத்து, முதல் பாடத்திலேயே விரலை வைத்து உரக்கப் படித்தார்: "இணைக்காமல் விட்ட கம்பி பேசாமல் இருக்கும் என்று நம்பாதே. இந்த வகைச் சில்லு அதை 'ஒன்று' என்றே எடுத்துக்கொள்ளும். பூச்சியம் வேண்டுமானால் தரைக்கம்பியோடு கட்டு." கீழே நீயே கையால் வரைந்த அந்தக் கோணல் படம்.

குடோசி கம்பியின் நுனியைத் தரைக்கம்பியோடு கட்டினார். விளக்கு அணைந்தது. உன் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தின் மூலையை மடித்தார். "போன வருசம் இதே கோளாறுக்காக ஒரு பருவம் பூரா பசங்கள திட்டினேன், அக்கா. தப்பு அவங்க மேல இல்ல" என்றார். பிறகு யாரும் கேட்காமலே தம் சுவிட்சை மேலே தள்ளினார். விளக்கு மறுபடி எரிந்தது. இந்த முறை என் கம்பியின் உதவி இல்லாமல்.

ஆகவே உன் நூல் தேர்வாகிவிட்டது. சுற்றின் கணக்குப்படி தரையோடு கட்டிய என் கம்பி உனக்கு எதிரான வாக்கு. கோபப்படுவதானால் தரைக்கம்பியிடம் கோபப்படு.

குழு இரண்டு நிபந்தனைகள் விதித்திருக்கிறது. கூட்டல் சுற்றுப் பாடத்தில் உண்மை அட்டவணையின் கடைசி வரி தவறு, திருத்தி அனுப்பு. இரண்டாம் பாகத்தை அடுப்பில் வைக்காதே; நினைவகச் சுற்றுகளுக்கு அடுத்த ஆண்டு எங்களுக்கு நூல் வேண்டும். முதலாவது குடோசி சொன்னது. இரண்டாவதும் அவர் சொன்னதே. அடுத்த இம்பாலுப் பருவத்துக்கு ஊருக்கு வந்தால் நீ அவருக்கு ஒரு முட்டைச் சப்பாத்தி வாங்கிக் கொடுக்க வேண்டும். எந்தத் தாளில் சுற்றுவது என்பதை நீயே முடிவு செய்துகொள்.

மாணவர் கை படப் பட உன் புத்தகத்தின் ஓரங்கள் கிழிந்து அழுக்காகட்டும். இதுவே என் வாழ்த்து.

தீர்மானத்தில் கையொப்பமிட்டதும் குழு கலைந்துவிட்டது. இந்த நிமிடம் நான் எதற்கும் தலைவன் அல்ல. எந்த விதியும் என் வாயைக் கட்டவில்லை. கடிதத்தை அஞ்சலில் சேர்த்துவிட்டு, நம் ஆண்டுத் தோழர்கள் கேழ்வரகுக் கள்ளான மல்வாப் பானையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேரே போகப் போகிறேன். உறிஞ்சுகுழல் ஒன்றை உன் பெயரில் பானைக்குள் இறக்கச் சொல்லிவிட்டு, உன் நூலைப் பற்றி இவ்வளவு நாள் அடக்கி வைத்ததையெல்லாம் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்லப் போகிறேன்.

உன் சடங்குத் தோழன்,
ஜெரால்ட் கிடுடு