நாற்பதிலும் ஒன்றுமில்லை

அன்பு மகள் சிக்ரூனுக்கு,

அப்பாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அந்த ஆஸ்திரேலிய வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மனம் வராது, உன் பிரசவத்துக்கு எங்களால் வர முடியாது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் ஓர் ஆட்டுக்கு மூளை நோய் கண்டதிலிருந்து எங்கள் வாசலிலும் சங்கிலி போட்டிருக்கிறார்கள், ஓர் ஆடும் மேய்ச்சலுக்கோ விற்பனைக்கோ வெளியே போகக்கூடாது. பூட்டிய மந்தையைப் பார்த்துக்கொள்ள யாரும் தயாரில்லை, தங்கள் ஆடுகளுக்கு ஒட்டிவிடுமென்ற பயம். கடையில்கூட என் பூட்ஸைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார்கள்.

உயிரோடிருக்கும் ஆட்டில் இந்த நோய் தெரியாதாம், அறுத்து மூளையைத்தான் பார்க்க வேண்டுமாம். எங்கள் இருநூறு ஆடுகளில் நாற்பதை அப்பாவே பிரித்து அனுப்பினார், நாற்பதிலும் ஒன்றுமில்லை. அன்று சந்தோஷத்தில் இனிப்பு வாஃபிள் சுட்டேன், பெர்கனிலிருந்து விமானம் எப்போதென்றுகூடப் பார்த்தோம். மறுநாள் உன்னோடு படித்த ஓஸ்தா வந்தாள், இப்போது அவள்தான் இங்கே கால்நடை மருத்துவர். சங்கிலி இப்போது கழலாது என்றாள். அப்பா, "ஒண்ணுமில்லைன்னு உன் சோதனையே சொல்லுதே, அப்புறம் என்னம்மா?" என்று கேட்டதற்கு, "காணோம்னுதான் சொல்லுது தோர்லைவ், இல்லைன்னு சொல்லலை. நாப்பதுல பூஜ்யம்னா மிச்சத்துல நூத்துக்கு ஆறேழு ஆடு வரைக்கும் நோய் இருக்கலாம். நூத்துக்கு ஒண்ணுக்கு மேல இருக்காதுன்னு நான் கையெழுத்துப் போடணும்னா முக்கால்வாசி மந்தையை அறுத்துப் பார்க்கணும்" என்றாள். "நல்லா இருக்குன்னு காட்டுறதுக்கே கொல்லணுமா, ரொம்ப அழகான கணக்கு" என்றார் அப்பா. அவள் கண் கலங்கிவிட்டது. அவள் கணக்கில் தப்பில்லை, அதுதான் கொடுமை.

உன்னை நினைத்துத்தான் அப்பா கடைசியில் அறுப்புக்குச் சம்மதித்தார். செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. பாதி ஏற்றியதும் ஏறுபலகையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஓட்டுநர் ஹால்வர் இன்ஜினை அணைத்துவிட்டு, "அவசரமில்ல, நீங்க சொல்லுங்க" என்று பக்கத்தில் வந்து நின்றார். அப்பா என்னைப் பார்த்தார். ஏற்றுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரசவத்தின்போது உன் பக்கத்தில் இருந்திருப்பேன். நான்தான் போய் லாரிக் கதவைத் திறந்து ஆடுகளை இறக்கிவிட்டேன். இனி சங்கிலி எப்போது கழலும் என்று ஓஸ்தாவுக்கும் தெரியாது.

கோபித்துக்கொள், ஆனால் சாப்பிடாமல் இருக்காதே. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. தாயும் பிள்ளையுமாய் நல்லபடியாக எழுந்து நடக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் அப்பாவை முதலில் கூப்பிடு, அழுதால் கேட்காத மாதிரி இருந்துவிடு.

உன் அம்மா,
குன்வோர்