கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி

டிசம்பர் 6
மூக்கு இன்றும் அடைப்பு. நெற்றியில் போட்ட சுக்குப் பற்று காய்ந்து, பொருக்காகச் சோற்றுத் தட்டில் உதிர்ந்தது. அப்படியே கொட்டிவிட்டேன்.

டிசம்பர் 9
இவருடைய மஞ்சள் கடையில் பாதி வியாபாரம் இப்போது சளிக்குத்தான். விரலி மஞ்சளை விளக்கெண்ணெயில் தொட்டு, விளக்கில் காட்டி, அந்தப் புகையை மூக்கில் இழுக்க வேண்டும். அதற்குச் சாட்சி நான். கல்லாவுக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, "எம்பட பொண்டாட்டியவே பாருங். பத்து வருசச் சளி, ஒரே வாரத்துல ஓடிப்போச்சு" என்கிறார். நான் தும்மலை அடக்கிக்கொண்டு சிரிக்க வேண்டும். ஒழுகுவதை உள்ளே இழுத்து விழுங்குகிறேன். சீ! என்ன பிழைப்பு இது?

டிசம்பர் 10
புகை உள்ளே போனால் மிளகாய் அரைத்துப் பூசிய எரிச்சல். மருந்து என்றால் எரியத்தானே செய்யும்?

டிசம்பர் 15
எரியக் கூடாது! அப்பா காட்டில் விளைந்த மஞ்சள் கொஞ்சம் அடுக்களையில் கிடந்தது. வேகவைத்துக் காயவைத்ததோடு சரி, மெருகு போடாதது. சுட்டு இழுத்தேன். எரிச்சல் துளியும் இல்லை. ஒரு பக்கம் மூக்கும் திறந்தது.

இவரிடம் கேட்டேன். "ஏனுங், கடை மஞ்சள்ல மெருகுக்குச் சாயம் ஏத்தறீங்களா?"

"மங்கலா இருந்தா எவன் வாங்குவான் மயிலா? பளபளன்னு இருக்கோணும்."

"அப்ப நான் இத்தன நாளா சாயத்தயா இழுத்தேன்?"

"செத்தா போயிட்ட? சும்மா இரு."

செத்தா போனேனாம். இந்த ஆளுக்கா வெந்நீர் வைத்துக் கொடுத்தேன் — தூ!

டிசம்பர் 16
கடைக்கு வரமாட்டேன் என்றேன். "நீ இல்லாட்டி எவ நம்புவா?" என்று சத்தம் போட்டார். போனேன். ஏன் போனேன்?

டிசம்பர் 18
கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். குழந்தைக்கு மூக்கடைத்து மூச்சு கறகறவென்றது. இவர் வழக்கம்போல என்னைக் காட்டினார். அவள் என் முகத்தையே பார்த்தாள். இவர் மஞ்சளை விளக்கில் காட்டிக் குழந்தைப் பக்கம் நீட்டினார்.

விளக்கை ஊதி அணைத்தேன். முந்தானையில் சத்தமாக மூக்கைச் சிந்தினேன். "எனக்கு ஒண்ணும் சரியாகலீங். இது சாயம் போட்ட மஞ்சள். கொழந்தையத் தூக்கிட்டு டாக்டருகிட்டப் போங்" என்றேன். கடை நிறைய ஆட்கள். இவர் முகம் செத்துவிட்டது.

டிசம்பர் 22
பையோடு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கடைக்கு எதிரே பஸ் நின்றது. கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் என் நாத்தனார் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். இவர் யாரிடமோ அவளைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

பிறந்ததிலிருந்து அவளுக்குச் சளியே பிடித்ததில்லை.