சுவரோரம் நின்ற பம்பாய்க்காரி

மாப்ள,

இன்று காலை பீரோவைத் திறந்து சட்டையை உருவினேன், வரமாட்டேன் என்றது. பலமாக இழுத்தேன். "அந்தச் சட்டைக்கே உங்ககூட வெளிய வர இஷ்டமில்ல போல" என்றாள் என் வீட்டுக்காரி. பார்த்தால், பையில் கிடந்த உன் காந்தம் பீரோக் கதவைக் கவ்விப் பிடித்திருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி, பெயிண்டில் கீறல் விழக்கூடாதென்று பனியன் துணியால் நீ உறை தைத்துப் போட்ட அதே காந்தம். கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை.

நமக்குத் தெரிந்தவர்களில் யார் பழைய கார் வாங்கினாலும் இந்தக் காந்தமும் நீயும் போகாமல் காரியம் நடக்காது. ஒட்டிக்கொண்டு நானும் வருவேன். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. விற்பவர் வீட்டுக் காபிக்கும், பத்திரிகையில் எழுத அந்த வீட்டுக் கதைக்கும் வருகிறவன். நல்ல இரும்பில் காந்தம் ஒட்டும். அடிபட்ட பள்ளத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தால் வழுக்கி விழும். அது விழுந்ததும் விற்பவர் முகமும் விழும். ஆனால் அதை எடுக்கும் முன்பே உன் தீர்ப்பு பாதி தயாராகியிருக்கும். வாசலில் நுழைந்ததுமே, காய்ச்சல் பார்ப்பதுபோல பானெட்டில் உள்ளங்கையை வைப்பாய்.

"சூடா இருக்கு மாப்ள. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கான். குளுந்த வண்டி எம்புட்டு முக்குனா ஸ்டார்ட் ஆகும்னு நமக்குத் தெரியக் கூடாதுல்ல."

கார் செய்கிறவர்களையும் நீ விட்டுவைத்ததில்லை. கம்பெனிப் பெயரே உன் வாயில் வராது, வண்டி செய்த ஊரின் பெயர்தான். "கல்கத்தாக்காரன் வெள்ளந்தி. எங்க ஒழுகுனாலும் வாசல்லயே கோலம் போட்டுக் காட்டிக் குடுத்துருவான். பம்பாய்க்காரி அழகி, ஆனா கோவக்காரி. சித்திரை வெயில்ல சிக்னல்ல நிப்பாட்டிப் பாரு, கொதிச்சிருவா." புது வண்டிகள் உனக்கு அறவே ஆகாது. நான் புதிதாக ஒன்று எடுத்து, பெருமையோடு பானெட்டைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் மூடி. "இஞ்சினுக்கு எதுக்கு மாப்ள போர்வ? மதுரைல குளுருதா? உள்ள என்னமோ இருக்கு, நீ பாக்கக் கூடாதுன்னு மூடிட்டான்" என்றாய். அன்றிலிருந்து அந்த மூடியை நானும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறேன். திறந்து பார்த்ததில்லை, பார்த்தாலும் எனக்குப் புரியாது.

உன் வீட்டுப் பம்பாய்க்காரிக்கு மட்டும் விதிவிலக்கு. வெண்ணெய் நிறத்தில் நிற்பாளே, அவள். "இவ மேல ஒரு சொட்டுப் பட்டி கெடயாது" என்று டீக்கடையில் சத்தியம் செய்வாய். ஆனால் எப்போது பார்த்தாலும் அவளுடைய இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித்தான் நிறுத்துவாய். கோச்சடை வீட்டில் மட்டுமில்லை, போகிற இடத்திலெல்லாம் ஒரு சுவரைத் தேடுவாய். நான் இந்தத் தொந்தியோடு டிரைவர் கதவு வழியாக ஏறி, ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைந்து, நீள சீட்டில் நகர்ந்து நகர்ந்து இடப்பக்கம் போய்ச் சேர்வேன். ஏன்டா இப்படி என்றால், "வெயில் படும் மாப்ள" என்பாய். வலப்பக்கம் மட்டும் நிலாவா காய்கிறது? கேட்டால் பேச்சை மாற்றுவாய். என்னவோ இருக்கிறது என்று அப்போதே எனக்கொரு நமைச்சல்.

நீ கண்ணை மூடிய பிறகு, ஓட்ட ஆளில்லாமல் நிற்கிற வண்டியை விற்றுவிடச் சொல்லி எல்லோரும் உன் மனைவியிடம் சொன்னோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். தங்கச்சி அரை மனதாகத் தலையாட்டியது. போன மாதம் பசுமலையிலிருந்து ஒரு தம்பியைக் கூட்டிப் போனேன். பழைய வண்டி என்றால் உயிரை விடுகிறவர்.

"அவரு வண்டின்னா நான் ஒண்ணும் பாக்க வேணாம். பட்டி இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, போதும்" என்றார்.

உன் சத்தியத்துக்கு இப்போது நான் ஜாமீன். உன்னோடு சுற்றிய பழக்கத்தில் பானெட்டில் கை வைத்தேன். சூடு. மாதக்கணக்கில் அசையாத வண்டி, காலை வேளையில், வேப்பமர நிழலில், சூடு!

"தங்கச்சி, வண்டிய யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கலண்ணே. வெயிலு."

புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வெயிலைச் சொல்கிறார்களே என்று உள்ளுக்குள் மணி அடித்தது. வண்டியைச் சுவரைவிட்டுத் தள்ளி நிறுத்தினோம். அந்தத் தம்பி பானெட்டுக்குள் தலையை விட்டார். நான் இடப்பக்கம் போனேன். 'இத அவன்கிட்ட குடுத்துரு' என்று நீ சொன்னதாகத் தங்கச்சி முன்பே என்னிடம் தந்திருந்த காந்தம், என் பையில் இருந்தது. பின்கதவில் வைத்தேன். பொத்தென்று என் காலில் விழுந்தது. சற்றுத் தள்ளி வைத்தேன். மறுபடியும் விழுந்தது.

ஊரையே சோதித்த ஆளே! இப்போது நான் அந்தத் தம்பியிடம் பொய் சொல்வதா, உன்னைக் காட்டிக்கொடுப்பதா? கால் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே நேரம் கடத்தினேன்.

தங்கச்சி பார்த்துவிட்டது.

"தம்பி, அந்தக் கதவுல பட்டி இருக்கு" என்றது, அவர் காதில் விழும்படி. "நான் ஓட்டிப் பழகுறப்ப ஆனையூர்ல லைட் கம்பத்துல உரசிட்டேன். அவரே உக்காந்து பூசி விட்டாரு."

"நீயா? நீ எப்பம்மா கார் ஓட்டுன?"

"விடியக்காலைல ரெண்டு பேருமா போயிருவோம்ணே. அவரு போனப்பறமும் நான் விடல. இன்னைக்கும், கடைசியா இருக்கட்டும்னு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்டதாண்ணே சொல்லவே கூடாதுன்னாரு. 'கம்பத்துல இடிச்சத அவன் எழுதிப்புடுவான். மதுரையே சிரிக்கும். அப்பறம் நீ ஸ்டியரிங்கத் தொடவே மாட்ட'ன்னாரு."

பார்த்தாயா மாப்ள! கல்கத்தாக்காரனையும் பிளாஸ்டிக் மூடிக்காரனையும்விட நீ அதிகம் சந்தேகப்பட்டது என்னைத்தான். கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், நிச்சயம் எழுதியிருப்பேன். கம்பம் என்ன சொல்லிற்று என்றுகூட எழுதியிருப்பேன்.

"உள்ளதச் சொல்லிட்டீங்கக்கா. பரவால்ல, நான் எடுத்துக்கிறேன்" என்றார் அந்தத் தம்பி.

தங்கச்சி சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டது. "ஓட்ட ஆளில்லன்னுதான தம்பி எல்லாரும் விக்கச் சொன்னாங்க? ஆளு இருக்கு."

என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டதும் தங்கச்சிதான். வாழ்நாளில் முதன்முறையாக இடப்பக்கக் கதவைத் திறந்து, மனிதனைப்போல ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் கம்பங்கள். ஒவ்வொன்றுக்கும் நான் காலைச் சுருக்கினேன். அது சிரித்துக்கொண்டே ஓட்டியது. இறங்கும்போது, "இப்ப எழுதுங்கண்ணே. ஆனா கம்பத்த எழுதுனா, அதுக்கப்பறம் ஓட்டுனதையும் சேத்து எழுதணும்" என்றது. எழுதிவிட்டேன்.

காந்தத்தைப் பீரோவிலிருந்து பிய்த்தெடுத்து மறுபடி பையில் போட்டுக்கொண்டேன். சிரித்துக்கொண்டே யார் சாவியை நீட்டினாலும் கை தானாக அதைத் தேடுகிறது. உன் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் உன்மேலேயே இந்தச் சந்தேகம்: கை சும்மா இராத, வாயும் சும்மா இராத இவனிடம் காந்தம் போனால் என்றைக்காவது அந்தக் கதவில் வைப்பான், மனைவி ஓட்டுகிற குட்டு உடையும், வண்டியும் வீட்டைவிட்டுப் போகாது என்று கணக்குப் போட்டுத்தானே கொடுக்கச் சொன்னாய்?

கேட்டால் வெயில் என்பாய்.